பணம் உள்ளே வந்த நாளின் காகிதம்

வெளிநாட்டில் தொழில் தொடங்கவோ பங்கு வாங்கவோ போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வரியைப் பற்றி. அடுத்து, அந்த நாட்டு அரசு நிலையானதா என்று. எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. பணத்தை எந்த வங்கி வழியாக அனுப்பப் போகிறீர்கள்? படிவத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் என்ன எழுதப் போகிறீர்கள்?

பல பேருக்கு இது குமாஸ்தா கேள்வியாகத்தான் படும். நான் வழக்கறிஞர் இல்லை, கம்பெனி செக்ரட்டரி. வெளிநாட்டு முதலீட்டுக்கான ஆவணங்களைத் தயார் செய்வது, தாக்கல் செய்வது, ஃபைலில் கோத்து வைப்பது என் வேலை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் புகைப்படத்தில் நான் இருக்க மாட்டேன். ஐந்தாறு வருஷம் கழித்து லாபத்தை வெளியே எடுக்கப் போய் வங்கி கேள்வி கேட்டால், அப்போது எனக்குத்தான் ஃபோன் வரும்.

வாய்ப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. வளரும் நாடுகளில் கிடைக்கும் வாய்ப்பு மாதிரி வேறெங்கும் கிடையாது என்றே நினைக்கிறேன். ஆனால் விளம்பரப் புத்தகங்களில் போடுகிற ‘குறைந்த கூலி, இளம் மக்கள்தொகை’ எல்லாம் பாதிக் கதைதான். பெரிய லாபம் வந்த இடங்களைப் பார்த்தால், அங்கே மக்களுக்குத் தேவையான ஒன்று சுத்தமாக இல்லாமல் இருந்திருக்கும். கென்யாவில் பெரும்பாலானவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லாத காலத்தில், 2007இல் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசாவைக் கொண்டுவந்தது. கையில் இருக்கும் சாதாரண ஃபோனிலேயே பணம் அனுப்பலாம். அந்த சஃபாரிகாமில் வோடஃபோனுக்குப் பெரிய பங்கு இருந்தது.

இன்னொரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாய்ப்பும் வில்லங்கமும் ஒரே கதையில் இத்தனை தெளிவாகச் சேர்ந்து வருவது அபூர்வம்.

தென்னாப்பிரிக்காவின் எம்டிஎன் நிறுவனம் 2001இல் நைஜீரியாவில் செல்ஃபோன் சேவைக்கு உரிமம் வாங்கியது. விலை 28.5 கோடி டாலர். பத்துக் கோடிக்கும் மேல் மக்கள் இருந்த அந்த நாட்டில் அப்போது சில லட்சம் லேண்ட்லைன்கள்தான் இருந்தன. மின்சாரத்தை நம்ப முடியாது என்பதால் டவருக்கு டவர் ஜெனரேட்டர் வைக்க வேண்டும். இத்தனை தொல்லையோடும் இறங்கினார்கள். பிற்பாடு நைஜீரியாதான் அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய சந்தை ஆனது.

2015இல் முதல் அடி. சரியாகப் பதிவு செய்யாத சிம்களைத் துண்டிக்கவில்லை என்று தொலைத்தொடர்பு ஆணையம் அபராதம் போட்டது. ஒரு சிம்முக்கு 2 லட்சம் நைரா (நைஜீரிய நாணயம்). ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சிம்கள் என்பதால் மொத்தம் 500 கோடி டாலரைத் தாண்டியது. கேட்டால் தலை சுற்றும், ஆனால் ‘ஒரு சிம்முக்கு இவ்வளவு’ என்ற விதி 2011இலிருந்தே எழுத்தில் இருந்தது. பேச்சுவார்த்தை நடந்து, 2016இல் 33,000 கோடி நைராவுக்கு இறங்கி வந்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது அடி. 2018 ஆகஸ்டில் நைஜீரிய மத்திய வங்கி, எம்டிஎன் பல வருஷங்களாக வெளியே எடுத்துப் போன ஈவுத்தொகையில், அதாவது லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கொடுத்த பணத்தில், 810 கோடி டாலரைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னது. பணத்தை அனுப்பிக் கொடுத்த நான்கு வங்கிகளுக்கும் அபராதம். காரணம், ஒரு காகிதம்.

நைஜீரியாவில் வெளிநாட்டுப் பணம் முதலீடாக வந்தால், வாங்கிய வங்கி 24 மணி நேரத்துக்குள் ‘மூலதன இறக்குமதிச் சான்றிதழ்’ ஒன்றைக் கொடுக்க வேண்டும். பிற்பாடு ஈவுத்தொகையையோ, பங்கை விற்ற பணத்தையோ வங்கி வழியாக டாலராக மாற்றி எடுத்துப் போக அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். எம்டிஎன் விஷயத்தில், ஆரம்பத்தில் பங்குதாரர்கள் கொடுத்த கடனில் ஒரு பகுதியைப் பின்னால் முன்னுரிமைப் பங்குகளாக (ஈவுத்தொகையில் முதல் உரிமை உள்ள பங்குகள்) மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றத்துக்கு இறுதி அனுமதி வாங்கவில்லை, ஆகவே அதை வைத்துக் கொடுத்த சான்றிதழ் செல்லாது, சான்றிதழ் செல்லாது என்றால் அதன் பேரில் போன ஈவுத்தொகையும் செல்லாது என்பது மத்திய வங்கியின் வாதம். ஜொஹன்னஸ்பர்க் சந்தையில் பங்கு விலை சடசடவென்று சரிந்தது. டிசம்பரில் சமரசம் ஆனபோது நிறுவனம் கட்டியது சுமார் 5.3 கோடி டாலர்.

810 கோடியில் ஆரம்பித்து 5.3 கோடியில் முடிந்ததைப் பார்த்து, ‘மிரட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதானே’ என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மிரட்டுவதற்கும் ஒரு பிடி வேண்டும். கடன் பங்காக மாறிய அந்த ஓர் ஆவணம் முழுமையாக இருந்திருந்தால் பிடி கிடைத்திருக்காது.

இது நைஜீரியாவுக்கு மட்டும் உள்ள ஏற்பாடு இல்லை. வியட்நாமில் நேரடி முதலீட்டுக்கென்று தனி மூலதனக் கணக்கு திறந்து, அதன் வழியாகத்தான் பணம் வரவும் போகவும் வேண்டும். இந்தியாவில் பங்குக்கான பணம் வந்த 60 நாளுக்குள் பங்குகளை ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 30 நாளுக்குள் எஃப்சி-ஜிபிஆர் என்ற படிவத்தை ரிசர்வ் வங்கிக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் கட்டணம் கட்டிச் சரி செய்து கொள்ளலாம். தாக்கலே செய்யவில்லை என்றால், பங்கை விற்க வரும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் கை வைப்பது அங்கேதான்.

நான் கிட்டத்தில் பார்த்த ஒரு விவகாரம். பெயரும் நாடும் வேண்டாம். நடுத்தர அளவு இயந்திர உதிரிபாக நிறுவனம், நல்ல மனிதர்கள், தொழிலும் நன்றாகவே நடந்தது. ஆரம்பத்தில் உள்ளூர் கம்பெனியின் வங்கிக் கணக்கு திறக்கத் தாமதமானது. இயந்திரம் விற்பவர் அவசரப்படுத்தினார். சரி, நேரே அவருக்கே அனுப்பி விடலாம் என்று வெளிநாட்டுத் தாய் நிறுவனம் பணத்தை அனுப்பிவிட்டது. படிவத்தில் நோக்கம்: ‘இயந்திரத்துக்கான முன்பணம்’. உண்மைதானே, அதற்குத்தானே போனது! கணக்குப் புத்தகத்தில் அதையே மூலதனம் என்று எழுதி, பங்கும் ஒதுக்கிவிட்டார்கள். தொழிற்சாலை ஓடியது, லாபம் வந்தது, பல வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கம்பெனியை விற்க ஆள் வந்தபோதுதான் ஃபைல் என் மேசைக்கு வந்தது. வங்கி அதிகாரி கோபப்படக்கூட இல்லை, அமைதியாகத்தான் கேட்டார்: “இந்தப் பணம் நாட்டுக்குள் முதலீடாக வந்தது என்று எந்தக் காகிதத்தில் இருக்கிறது, காட்டுங்கள் சார்.” எந்தக் காகிதத்திலும் இல்லை. இயந்திரம் கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைக் கொண்டுவந்த பணத்துக்குச் சட்டப்படி அடையாளமே இல்லை. கடைசியில் விலையில் ஒரு பகுதியை வாங்குபவர் பிடித்து வைத்துக்கொண்டார். மீதிப் பங்குகளை ஒழுங்குபடுத்த மனு மேல் மனு போட்டோம்.

இதைவிட மோசம் பினாமி. பல நாடுகளில் நிலமும் சில தொழில்களும் வெளிநாட்டவருக்கு மூடியிருக்கும், அல்லது பாதிதான் திறந்திருக்கும். பிலிப்பைன்ஸ் அரசியல் சட்டப்படி நிலம் வைத்திருக்கும் நிறுவனத்தில் குறைந்தது 60 சதவீதம் உள்நாட்டவர் கையில் இருக்க வேண்டும். தாய்லாந்திலும் வெளிநாட்டுத் தொழில் சட்டம் பல சேவைத் தொழில்களில் வெளிநாட்டவரின் பங்கைப் பாதிக்குக் கீழே நிறுத்துகிறது. உடனே யாராவது ஒருவர் வந்து, “உள்ளூர்க்காரர் பெயரில் போட்டுக்கொள்ளலாம், தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம், எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்” என்பார். எல்லாரும் செய்கிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தாய்லாந்தில் அப்படிப் பெயர் கொடுப்பவருக்கும் கொடுக்க வைப்பவருக்கும் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. பிலிப்பைன்ஸில் இதற்கென்றே 1936இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அந்தத் தனி ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவீர்கள்? சட்டத்தை ஏமாற்ற எழுதியது என்று அந்தக் காகிதமே சாட்சி சொல்லும். இப்படி ஒரு யோசனை வந்தால் நான் அந்த ஃபைலைத் தொடுவதில்லை.

சரி, காகிதம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, எடுத்துப் போகச் சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் வங்கியில் டாலர் இல்லை! இதுவும் நடக்கும். 2022இல் எமிரேட்ஸ் விமான நிறுவனம் நைஜீரியாவில் டிக்கெட் விற்ற பணத்தை வெளியே எடுக்க முடியாமல் அங்கே சேவையையே நிறுத்தியது. மறுபடி பறந்தது 2024 அக்டோபரில்தான். இடையில் 2023 ஜூனில் நைராவின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள். காத்திருந்த காலத்தில் உள்ளூர் பணத்தில் வைத்திருந்தவர்களுக்கு, எடுக்க முடிந்தபோது கையில் வந்த டாலர் மிகவும் குறைவு. இதற்கு எந்த நீதிமன்றமும் நஷ்டஈடு தராது. அர்ஜென்டினா கதை இன்னும் ஒரு படி மேல். 1990களில் எரிவாயு, மின்சாரக் கம்பெனிகளை வாங்கிய வெளிநாட்டவருக்குக் கட்டணம் டாலரில் கணக்கிடப்படும் என்று உறுதி கொடுத்திருந்தார்கள். 2002 ஜனவரியில் அவசரச் சட்டம் போட்டு அதை உள்ளூர் நாணயமான பெசோவாக்கினார்கள், பெசோவும் விழுந்தது. வழக்குகள் குவிந்தன. பலவற்றில் முதலீட்டாளர்கள் ஜெயித்தார்கள், ஆனால் காசு கைக்கு வர வருஷக்கணக்கில் ஆனது.

முன்தேதியிட்ட வரி, அதாவது நடந்து முடிந்த பரிவர்த்தனைக்குப் பின்னால் சட்டம் போட்டுக் கேட்கும் வரி பற்றித் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வோடஃபோன் 2012 ஜனவரியில் இந்திய வரித்துறைக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது, அதே வருஷ நிதிச் சட்டம் 1962 வரை பின்னோக்கிப் போய் அந்த வெற்றியை அழித்தது, 2021இல் அரசே அதைத் திரும்பப் பெற்றது. அவ்வளவுதான்.

வழக்கு என்று வந்துவிட்டால் எங்கே நடக்கும், எவ்வளவு காலம் ஆகும்? ‘தகராறு வந்தால் நடுவர் மன்றம்’ (நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர்கள்) என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தாலே பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கும் அந்த வரி இருந்தது. பிப்பர்வார் நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் கோல் இந்தியாவோடு 1989இல் போட்ட ஒப்பந்தம். 2002இல் சர்வதேச நடுவர் மன்றம் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று மேல் கொடுக்கச் சொன்னது. கோல் இந்தியா தீர்ப்பை ரத்து செய்யக் கல்கத்தா உயர் நீதிமன்றம் போனது, ஒயிட் அதை நிறைவேற்ற டெல்லி போனது. பிறகு உச்ச நீதிமன்றம், அங்கே வாய்தா. ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

அப்போது ஒயிட்டின் வக்கீல்கள் செய்ததை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. முதலீட்டாளர்களைப் பாதுகாக்க இரு அரசுகளும் போட்டிருந்த இந்தியா–ஆஸ்திரேலியா முதலீட்டு ஒப்பந்தத்தில், மற்ற நாட்டு முதலீட்டாளருக்குத் தரும் சலுகை இவர்களுக்கும் உண்டு என்று ஒரு பிரிவு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இந்தியா–குவைத் ஒப்பந்தத்துக்குத் தாவினார்கள். அதில், உரிமையை நிலைநாட்டப் பயனுள்ள வழிவகை தர வேண்டும் என்று இருந்தது. ஒன்பது வருஷம் இழுப்பது பயனுள்ள வழிவகை இல்லை என்று 2011 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சுரங்க ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் மட்டுமே, ஜெயித்துக் கொடுத்தது குவைத்!

அதன் பிறகு இந்தியா சுதாரித்துக்கொண்டது. பழைய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை முடித்துக்கொண்டு, உள்ளூர் நீதிமன்றங்களில் குறைந்தது ஐந்து வருஷம் முயன்ற பிறகே சர்வதேச நடுவர் மன்றம் என்று புதிய மாதிரி வரைவைக் கொண்டுவந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2024இல் போட்டதில் அது மூன்று வருஷமானது. ஆகவே பத்து வருஷத்துக்கு முந்தைய ஆலோசனைக் குறிப்பை வைத்துக்கொண்டு ‘ஒப்பந்தப் பாதுகாப்பு உண்டு’ என்று யாராவது சொன்னால், எந்த ஒப்பந்தம், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்த நாட்டு வழியாக முதலீட்டைக் கொண்டுபோவது என்பதையும் அந்தக் கேள்வியோடு சேர்த்து, பணம் கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தகராறு தெரிந்த பிறகு வழியை மாற்றினால் எடுபடாது. ஆஸ்திரேலியா வளரும் நாடு இல்லைதான், ஆனாலும் அங்கே நடந்தது எல்லாருக்கும் பொருந்தும். சிகரெட் பெட்டிகள் அடையாளம் இல்லாத வெற்று உறையில்தான் வர வேண்டும் என்று 2010இல் அந்த அரசு அறிவித்தது. ஃபிலிப் மோரிஸ் 2011இல் தன் ஆஸ்திரேலியப் பங்குகளை ஹாங்காங் நிறுவனத்துக்கு மாற்றி, ஆஸ்திரேலியா–ஹாங்காங் முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் வழக்குப் போட்டது. சண்டை வரும் என்று தெரிந்தே செய்த மாற்றம், உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சொல்லி 2015 டிசம்பரில் நடுவர் மன்றம் வழக்கை விசாரணைக்கே ஏற்க மறுத்தது. பங்கு கைமாறிய தேதி எல்லா ஆவணத்திலும் தெளிவாகவே இருந்தது. இந்த முறை அதுவே எதிராகப் போனது.