சந்தூர் நர்சரியின் கம்ப்யூட்டர்: ஸ்லோ என்ற புகாரிலிருந்து சி5 என்ற எண் வரை

மெசின் விவரத்தை முதலில் எழுதிவிடுகிறேன். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சந்தூரில் சித்தப்பா வைத்திருக்கும் மாங்கன்று நர்சரியின் பில்லும் கணக்கும் இதில்தான் இருக்கின்றன. பெங்களூரா, நீலம், செந்தூரா, மல்கோவா என்று எந்தத் தாய் மரத்திலிருந்து எப்போது ஒட்டுக்குச்சி எடுத்தது, எந்தப் பாத்தியில் எத்தனை கன்று தேறியது என்று சித்தி வருடக்கணக்கில் பதிந்து வைத்த எக்செல் ஃபைல்களும் போட்டோக்களும் அதே டிஸ்க்கில். வேறு எங்கும் பிரதி கிடையாது. நான் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் இதுதான் காரணம்.

கோளாறு இது: ஆன் செய்து பில் போடும் நிலைக்கு வரக் கால் மணி நேரம். வந்த பிறகும் திடீரென்று உறைந்து நிற்கும். மவுஸ் அம்பு நகரும், எதைத் தொட்டாலும் பதில் வராது. ஒரு நிமிடம் கழித்து, அமுக்கியதெல்லாம் மொத்தமாகத் திறக்கும். ஊரில் கேட்டவர்கள் வைரஸ் என்றார்கள், ராம் போதாது என்றார்கள், ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். சித்தப்பா போனில், "ஃபார்மட் அடிச்சா சித்தி எழுதி வெச்சதெல்லாம் போயிடும்ல? நீ வந்து ஒரு தடவ பார்த்துச் சொல்லுப்பா, அப்புறம் கடைக்குக் குடுக்கறேன்" என்றார். நல்ல வேளை, கேட்டார்.

சனிக்கிழமை, சந்தூர்

டாஸ்க் மேனேஜரில் தொடங்கினேன். பிராசஸர் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. ராம் பாதிக்கு மேல் போயிருந்தது, நிரம்பவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதம். இதைப் பார்த்ததும் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அப்டேட் இறங்கும்போதும் வைரஸ் ஸ்கேன் ஓடும்போதும் நல்ல ஹார்ட் டிஸ்க்கே 100 காட்டும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சராசரி பதில் நேரம் என்று ஒரு எண் இருக்கிறது, அதுதான் எனக்கு வேண்டியது. வேலை மிகுந்து திணறும் நல்ல டிஸ்க்கில் அது சில பத்துகளில் இருக்கும், மிஞ்சினால் சில நூறு மில்லி செகண்ட். இங்கே வேகம் நொடிக்குச் சில கேபி, பதில் நேரமோ ஆயிரங்களில். ஒரு கட்டத்தில் 12,000ஐத் தொட்டது. கேட்ட தகவல் வந்து சேர 12 நொடி.

அடுத்து, விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவர். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். டிஸ்க் என்ற பெயரில் 7, 153 என்ற எண்கள் வரிசையாக வந்திருந்தன. 7 என்றால் பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன இடம். 153 என்றால் ஒரு படிப்போ எழுத்தோ முடியாமல் மறுபடி முயன்றது. காலையில் பில் போடும்போது நின்றது என்று சித்தி சொன்ன நேரமும் அங்கே பதிவான நேரமும் ஒத்துப்போயின. ஸ்லோ என்று வாயால் சொன்ன புகாருக்கு இப்போது தேதியும் மணியும் இருந்தன.

அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் என்ற எண்களைக் காட்டும் நிரல் அது. டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுத வேண்டாம் என்பதால், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத போர்ட்டபிள் வகையைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டினேன். மஞ்சள் நிற எச்சரிக்கை வந்தது. நிறத்தை நம்பி நிற்காமல் வரிகளைப் படிப்பது நல்லது. 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு அனுப்பப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் பதியும் சின்னத் துண்டுகள்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். சி6, டிஸ்க் தன்னைத் தானே சோதித்தபோதும் படிக்க முடியாதவை. சி7 டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே ஏற்பட்ட பிழைகளைச் சொல்லும். அது ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும், டிஸ்க்கைத் தூக்கிப்போட வேண்டாம். 01 என்ற வரியில் சில கம்பெனிகளின் டிஸ்க்குகள் இயல்பாகவே பெரிய எண்ணைக் காட்டும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

இந்த எண்கள் தொடக்கத்தில் ஹெக்ஸில், அதாவது பதினாறின் அடிமான எண்முறையில் தெரியும். மெனுவில் தசமத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சி5 வரியில் 1எஃப்8 என்று இருந்தது, அதாவது 504. ஓடிய நேரம் 5பி68, அதாவது 23,400 மணி. தினம் எட்டு மணி நேரம் என்று வைத்தால் எட்டு வருடம். சி7 பூஜ்யம், ஆகவே கேபிள் மேல் பழி இல்லை.

504 என்பது பெரிய எண்ணா? 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்கேனில் முதல் பிழை தெரிந்த டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் கெட்டுப்போகும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைப் போல 39 மடங்கு என்று அதில் இருக்கிறது. அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு: கெட்டுப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல் இந்த எண்களில் எந்த அறிகுறியும் காட்டாமலே போயின. எண் ஏறியிருந்தால் நம்புங்கள், ஏறாமல் இருந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சில செக்டர் கெட்டதற்கு மொத்தக் கம்ப்யூட்டரும் ஏன் உறைய வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்றால் அது மறுபடி ஹெட்டுக்கு (படிக்கும் முனை) அடியில் வர ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். டெஸ்க்டாப் டிஸ்க் உடனே கைவிடாது, நூற்றுக்கணக்கில் முயலும். 120 முயற்சிக்கு ஒரு நொடி போய்விடும். நாஸ் பெட்டிகளுக்கான (பல டிஸ்க்குகளை நெட்வொர்க்கில் சேர்த்து வைக்கும் பெட்டி) டிஸ்க்குகள் ஏழு நொடி அளவில் நிறுத்திக்கொண்டு பிழை என்று சொல்லிவிடும், ஏனென்றால் அங்கே பக்கத்து டிஸ்க்கில் பிரதி இருக்கும். டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு அந்த வசதி இல்லை, தன்னிடம் இருப்பதே கடைசிப் பிரதி என்று நினைத்து முயன்றுகொண்டே இருக்கும். அதுவரை பின்னால் வரும் கோரிக்கைகள் எல்லாம் வரிசையில் நிற்கும். ராம் பற்றாமல் விண்டோஸ் ஒதுக்கி வைக்கும் பேஜ் ஃபைலும் அதே டிஸ்க்கில் இருப்பதால் எதுவும் நகராது. இந்த நிலைமையில் ராம் கூட்டியிருந்தால் கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

மெசினை அணைத்தேன். விண்டோஸின் டிஸ்க் சோதனை நிரலான செக் டிஸ்க்கை முழு ஸ்கேனோடு ஓட்டச் சொல்லி நிறைய பேர் யோசனை சொல்வார்கள். பிரதி எடுக்காத, சந்தேகத்துக்கு இடமான டிஸ்க்கில் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது டிஸ்க்கை ஓரம் முதல் ஓரம் வரை படிக்க வைக்கும், படிக்க முடியாத இடத்தை ஒதுக்கி வைத்து ஃபைல் பட்டியலையும் திருத்தி எழுதும். அதாவது, சாகக் கிடக்கும் டிஸ்க்கிடம் வாங்கும் கடைசி உழைப்பைப் பிரதி எடுக்காமல் வீணாக்குவது. டிஃப்ராக், முழு வைரஸ் ஸ்கேன் எல்லாமே அதே கணக்கில்தான் வரும்.

"அதுவரைக்கும் பில்லு எப்படிப்பா போடறது?"

"கொஞ்ச நாளைக்குப் பில் புக்லயே எழுதுங்க, சித்தப்பா. டிஸ்க்க நான் கிருஷ்ணகிரிக்கு எடுத்துட்டுப் போறேன்."

கிருஷ்ணகிரி, வீட்டு மேசையில்

சந்தூரிலேயே காப்பி எடுத்திருக்கலாம். ஆனால் அங்கே மதியத்தில் வோல்டேஜ் இறங்கி ஏறும், காப்பி ஓடும்போது கரண்ட் போனால் டிஸ்க் மறுபடி சுழலத் தொடங்குமா என்பதே கேள்வி. வீட்டில் நல்ல பேட்டரியோடு யூபிஎஸ் இருக்கிறது. என் மெசினில் சாட்டா கேபிளில் நேராக மாட்டினேன். யூஎஸ்பி பெட்டியில் போட்டால், பிழை வரும்போது பெட்டியின் சர்க்யூட்டே தொங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன டேபிள் ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பி வைத்தேன்.

லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவிலிருந்து ஏற்றி, கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற நிரலைப் போட்டேன். தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: உபுன்டு வழி வந்த லினக்ஸ்களில் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, ஓட்டும் கட்டளையின் பெயர் டிடிரெஸ்க்யூ. காப்பி போய்ச் சேரும் இடம் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க். அது ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் நிற்காது. எது மூலம், எது பிரதி என்பதை டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரோடு ஒப்பிட்டு, காகிதத்தில் எழுதி வைத்த பிறகே என்டர் தட்டினேன். இரண்டும் இடம் மாறினால் எல்லாம் முடிந்தது.

இந்த நிரலின் அருமை அதன் மேப் ஃபைலில் இருக்கிறது. எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்று அது குறித்துக்கொண்டே போகும். நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து ஓடும். முதல் சுற்றில், சுலபமாக வருவதை மட்டும் எடு, தகராறு செய்யும் இடத்தைத் தாண்டிப் போ என்று சொன்னேன். நல்ல டிஸ்க்காக இருந்தால் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஆகும். இது முதல் பாதி வரை அப்படித்தான் ஓடியது, நடுவில் ஒரு பகுதியில் கேபிக்கு இறங்கியது, அப்புறம் தாண்டிக் குதித்து மறுபடி வேகம் பிடித்தது. ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் பார்த்தபோது 99.9 சதவீதம் வந்திருந்தது. அதன் பிறகுதான் விட்டுப்போன இடங்களை மூன்று முறை மறுபடி முயலும்படி சொன்னேன். டிஸ்க் டிக் டிக் என்று முனகியது, கேட்கவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது. கடைசியில் வராமல் போனது மூன்று எம்பிக்கும் குறைவு.

அந்த மூன்று எம்பி எந்த ஃபைல்களின் வயிற்றில் இருக்கிறது? இதைக் கண்டுபிடிக்க ஒரு அழகான வழி டிடிரெஸ்க்யூவிலேயே உண்டு. காப்பிக்கு இன்னொரு காப்பி எடுத்து, மேப் ஃபைலில் ஓட்டையாகக் குறித்த இடங்களில் மட்டும் ஒரு அடையாளச் சொல்லை நிரப்பச் சொல்லலாம். அப்புறம் அந்தச் சொல் எந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடினால் போதும். கிடைத்தவை பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டின் மிச்சங்கள், கூடவே சில பாத்தி போட்டோக்கள். கணக்கு ஃபோல்டரில் ஒன்றுகூட இல்லை. சித்தியின் எக்செல் ஃபைல்கள் அத்தனையும் திறந்தன. உடனே போன் போட்டுச் சொன்னேன். "போட்டோ போனா போவுது, மரக்கணக்கு இருக்குதில்ல, அது போதும்" என்றார் சித்தி.

எஸ்எஸ்டி போட்டது

இதில் சொல்ல அதிகம் இல்லை. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத, சிப்பில் பதியும் டிஸ்க். அந்தப் போர்டில் எச்81 சிப்செட், நான்கு சாட்டா போர்ட்டில் இரண்டு மட்டுமே 6 ஜிபிட் வேகம், அதில் பார்த்து மாட்டினேன். எடுத்த காப்பியை அப்படியே எஸ்எஸ்டியில் இறக்கவில்லை, சிஸ்டம் ஃபைலில் எங்கே ஓட்டை இருக்கும் என்ற சந்தேகத்தோடு வருடக்கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கும். புதிதாக விண்டோஸ் 10 போட்டு, ஃபைல்களை மட்டும் கொண்டுவந்தேன். லைசென்ஸ் போர்டோடு ஒட்டியது, நெட் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. பில் போடும் நிலைக்கு இப்போது அரை நிமிடம்கூட ஆகவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, இந்த பிராசஸருக்கு விண்டோஸ் 11 வராது. ஆகவே இந்த மெசினில் பில் தவிர பேங்க் வேலை எதுவும் செய்ய வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

எஸ்எஸ்டி முனகாது, உறைந்து எச்சரிக்காமல் ஒரே நாளில் அடங்கிவிடவும் கூடும். அதனால் கணக்கு ஃபோல்டர் தினம் சாயங்காலம் ஒரு பென்டிரைவுக்குப் போகும்படி வைத்திருக்கிறேன், இன்னொரு பிரதி கிருஷ்ணகிரியில் என்னிடம்.

பழைய டிஸ்க்கில் ஒரு சோதனை

ஃபைல்கள் சரி என்று சித்தி எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, ஆர்வத்தில் பழைய டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதினேன். காத்திருக்கும் செக்டரில் புதிதாக எழுதும்போதுதான் டிஸ்க் தீர்ப்புச் சொல்லும்: எழுதியது நின்றால் செக்டர் நல்லது, நிற்காவிட்டால் மாற்று இடம். எழுதி முடித்ததும் சி5 பூஜ்யத்துக்கு வந்தது. 05 ஏறியது, ஆனால் 504 அளவுக்கு ஏறவில்லை. அதாவது ஒரு பகுதி செக்டர்கள் எழுதியதும் தேறிக்கொண்டன. இந்த நிலையில் பார்ப்பவருக்குக் காத்திருக்கும் செக்டரே இல்லை, டிஸ்க் குணமாகிவிட்டது என்று தோன்றும். பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் சி5ஐ மட்டும் பார்த்து ஏமாறாமல் 05ஐயும் பார்க்க வேண்டும் என்பதை இதிலிருந்து குறித்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட்டினேன். பாதி வழியில், படிக்க முடியவில்லை என்று செக்டர் எண்ணோடு நின்றது. சி5 மறுபடி தலைகாட்டியிருந்தது. பாட்டு வைக்கக்கூட லாயக்கில்லை. கெட்டது என்று மார்க்கரில் எழுதிவிட்டேன். அடுத்த ஞாயிறு மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் தட்டான பிளாட்டரில் கீறல் தெரிகிறதா என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன்.