பதிவேட்டில் இருக்கிறாள், வகுப்பில் இல்லை

ஜூன் 4

பாலினச் சமநிலைக் குறியீட்டுக் கணக்கு எளிது. மாணவிகளின் சேர்க்கை விகிதத்தை மாணவர்களின் விகிதத்தால் வகுக்க வேண்டும், 0.97 முதல் 1.03 வரை வந்தால் சமம். ஆனால் நூற்றுக்கு 40 பையன்களும் நூற்றுக்கு 40 பெண்களும் படித்தாலும் விடை 1தான். வெளியே நிற்கும் 60 பெண்கள் அதில் தெரிவதில்லை. குறியீட்டுக்குப் பக்கத்திலேயே விகிதத்தையும் எழுதாத அறிக்கை அரை அறிக்கை.

ஜூன் 9

தலையை எண்ணித்தான் வருகையை நம்ப வேண்டும். சொல்லாமல் போய், முதல் பாடவேளை முடிந்ததும், வகுப்புவாரியாக, பெண் ஆண் தனித்தனியாக. நின்றுபோனவளின் பெயர் மாதக்கணக்கில் பதிவேட்டில் கிடக்கும். மானியம் தலைக்கணக்கில் வருகிற இடத்தில் பெயரை அடிக்க யாருக்கு மனம் வரும்?

வீட்டுக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான். "பொண்ணு ஸ்கூலுக்குப் போகுதா?" என்றால் "போகுது" என்றுதான் பதில் வரும். "போன வாரம் எத்தனை நாள்? போகாத அன்னிக்கு என்ன வேலை?" என்று அவளிடமே கேட்டால், தண்ணீர் எடுத்தது, தம்பியைப் பார்த்துக்கொண்டது எல்லாம் வரும்.

ஜூன் 15

பெண்கள் நின்றுபோக ஒரு காரணம் தூரம். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் தரத் தொடங்கினார்கள். ஆய்வாளர்கள் பலனை அளந்த விதம் அருமை. சேர்க்கை எப்படியும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் பெண்களின் ஏற்றத்திலிருந்து பையன்களின் ஏற்றத்தைக் கழித்து, இந்தத் திட்டம் இல்லாத பக்கத்து ஜார்க்கண்டிலும் அப்படியே கழித்து, அந்த வித்தியாசத்தையும் நீக்கினார்கள். மிஞ்சியது 32 சதவீத உயர்வு. அதிலும் பெரும்பகுதி, உயர்நிலைப்பள்ளி 3 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்.

ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் ஊருக்குள்ளேயே பள்ளி வைத்தபோது பெண்கள் சேர்க்கை 52 சதவீதப் புள்ளி ஏறியது, பையன்களுக்கு 35.

ஜூன் 16

நேற்றைய 32ஐயும் 52ஐயும் ஒரே அட்டவணையில் போடக்கூடாது. சேர்க்கை நூற்றுக்கு 25இலிருந்து 33 ஆனால் அது 8 புள்ளி, ஆனால் 32 சதவீதம். அச்சுக்குப் போகும் அறிக்கைகளிலேயே இந்தக் குளறுபடி சாதாரணம்.

ஜூன் 22

வங்கதேசம் 1994இல் நாடெங்கும் கிராமப்புற உயர்நிலை மாணவிகளுக்கு உதவித்தொகையை விரித்தபோது மூன்று நிபந்தனை: 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், திருமணமாகாதிருத்தல். முதலும் கடைசியும் சரி. நடுவில் உள்ளதுதான் உறுத்துகிறது: படிப்பில் பின்தங்கியவள்தான் முதலில் பள்ளியை விட்டு நிற்பவள், அவளுக்கே தொகை நின்றுபோகும். இன்னொன்று, பணம் வரும் மாதம். சேர்க்கைக்கும் சீருடைக்கும் செலவு ஆண்டுத் தொடக்கத்தில். தொகை ஆறு மாதம் கழித்து வந்தால், அதற்குள் அவள் பெயர் மட்டும்தான் வகுப்பில் இருக்கும்.