கூரையிலிருந்து பார்த்தால்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பூர் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். வேர்க்கடலைக் கூடையுடன் படியேறி வந்த பெரியவர் ஒருவர், "யாரையாவது கூப்பிட வந்தீங்களா சார்?" என்று கேட்டார். எஞ்சினின் கூரையைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிறிதும் வியப்படையாமல், அடுத்த வண்டி அரை மணி தாமதம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், ஐ.சி.எஃப். என்று ரயில் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் இதுபோன்ற பதிலுக்கு யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

நான் பார்க்கப் போனது வாப்-7 எஞ்சினின் கூரை. சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் விரைவு வண்டிகளில் பலவற்றை இழுத்துச் செல்லும், வெள்ளை உடலில் சிவப்புப் பட்டை போட்ட அந்த மின்சார எஞ்சினை நாம் எல்லோரும் நூறு முறை பார்த்திருப்போம். ஆனால் பார்த்ததெல்லாம் நடைமேடையில் நின்று, கீழிருந்து மேல்நோக்கித்தான். சக்கரமும் படிக்கட்டும் பக்கவாட்டு ஜன்னலும் நமக்குப் பழகியவை. மாடல் ரயிலிலோ நிலைமை தலைகீழ். மேசை மேல் ஓடும் எஞ்சினை நாம் மேலிருந்து கீழாகவே பார்க்கிறோம். எனவே மாடல் எஞ்சினின் உண்மையான முகம் அதன் முகப்பு அல்ல, கூரைதான் என்பது இருபது ஆண்டுகளாக இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எனது கட்சி. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு அவர்களும் கூரையைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இப்போது இதை எழுதக் காரணம், நம் நாட்டுச் சிறிய தயாரிப்பாளர் ஒருவர் ஹெச்.ஓ. அளவில் வாப்-7 கொண்டுவரப்போவதாக அறிவித்து, முன்பதிவும் தொடங்கியிருப்பதுதான். முதல் தொகுதி புரட்டாசிக்குள் கைக்கு வந்துவிடும் என்கிறார். நான் அன்றே பணம் கட்டிவிட்டேன். மனைவியிடம் சொன்னது மறுநாள்.

ஹெச்.ஓ. என்பது 87இல் ஒரு பங்கு. அசல் எஞ்சின் பஃபர் முனையிலிருந்து பஃபர் முனை வரை 20.56 மீட்டர் நீளம். மாடலில் அது 236 மில்லிமீட்டர், அதாவது பள்ளிக்கூட அடிக்கோலைவிடச் சற்றுக் குறைவு. எடைக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைவதால் 123 டன் எஞ்சினின் எடை 187 கிராமாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் அத்தனை இலேசான எஞ்சின் பெட்டிகளை இழுக்காது. சக்கரம் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழலும். எனவே உள்ளே உலோகக் கட்டையை வைத்து எடை ஏற்றுவார்கள். எடையில் மட்டும் எல்லா மாடல்களும் பொய் சொல்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்ததில் தயாரிப்பாளரின் வியாபார அறிவு தெரிகிறது. 1993இல் இந்திய ரயில்வே ஐரோப்பாவின் ஏ.பி.பி. நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாகவே மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) மின்மோட்டார் கொண்ட எஞ்சின்கள் இங்கு வந்தன. பயணிகள் வண்டிக்கு வாப்-5, சரக்கு வண்டிக்கு வாக்-9. பிறகு சித்தரஞ்சன் தொழிற்சாலை அந்த வாக்-9இன் கியர் விகிதத்தை 72க்கு 20 என்று மாற்றி, பயணிகள் வண்டியை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கும்படி உருவாக்கியதுதான் வாப்-7. 2000இல் வந்த முதல் எஞ்சினின் எண் 30201. அதற்கு 'நவ்கிரண்' என்று பெயரும் வைத்தார்கள். உடல் ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஒரே அச்சில் வார்த்து, சிவப்புப் பட்டை அடித்தால் வாப்-7, பச்சை அடித்தால் வாக்-9 என்று இரண்டு விதமாக விற்றுக்கொள்ளலாம். அச்சு செய்யும் செலவுதான் இந்தத் தொழிலில் ஆளைக் கவிழ்ப்பது என்பதால், இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

குறையென்று சொல்ல வேண்டுமானால் அது தண்டவாளத்தில் இருக்கிறது. உலகெங்கும் விற்கப்படும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு அது சரியாகப் பொருந்தும். நம்முடைய அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர்; 87இல் வகுத்தால் 19.26 வர வேண்டும். ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் குறைவு. பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நேர் எதிரே நின்று பார்த்தால், நல்ல உடற்கட்டுள்ள பயில்வான் கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். இதற்காக 19.26 மில்லிமீட்டரில் தனித் தண்டவாளமும் தனிக் கிளைப்பாதைகளும் செய்துகொள்ள எத்தனை பேரால் முடியும்? நானும் மற்றவர்களைப் போல இதைச் சகித்துக்கொண்டிருக்கிறேன். மேலிருந்து பார்க்கும்போது இது கண்ணில் படாது என்பது என் கூரைக் கட்சிக்கு இன்னொரு வலு.

சரி, கூரைக்கு வருவோம். தயாரிப்பாளர் காட்டிய முன்மாதிரியின் படங்களில் நான்கைந்து கோணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் மேலிருந்து எடுத்தது. இரண்டு முனைகளிலும் மேல்நிலைக் கம்பியைத் தொட்டு மின்சாரம் வாங்கும் ஒற்றைக் கை பாண்டோகிராஃப்கள், நடுவில் சர்க்யூட் பிரேக்கர், அவற்றை இணைக்கும் மெல்லிய கம்பி, அந்தக் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர்கள் என்று எல்லாமே இருக்கின்றன. ஆனால் இன்சுலேட்டர்களுக்கும் கூரைக்கும் ஒரே சாம்பல் நிறம். 25,000 வோல்ட் மின்சாரத்தைக் கூரையிலிருந்து பிரித்து வைக்கும் பொருளைக் கூரையின் நிறத்திலேயே விட்டால், பார்ப்பவன் கண்ணுக்கு அது வெறும் குமிழாகத்தான் தெரியும். இதைத் தீர்மானமாகச் சொல்வதற்கு முன் அசலைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் பாலத்துக்குப் போனேன். மூன்று எஞ்சின்கள் என் காலடியில் கடந்து போயின. முதல் இரண்டும் வேகமாகப் போய்விட்டன. மூன்றாவது சிக்னலுக்காக நின்றது. கூரை முழுவதும் இரும்புத் தூளும் கரியும் படிந்து, துரு கலந்த பழுப்பாக இருந்தது. பின்பக்க பாண்டோகிராஃப் மட்டும் உயர்ந்து கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்க, முன்பக்கத்தினது மடங்கிக் கிடந்தது. இன்சுலேட்டர்கள் கூரையிலிருந்து தனியாகத் தெரியும் செம்பழுப்பு. வீட்டுக்கு வந்ததும் தயாரிப்பாளருக்கு இரண்டு பக்கத்துக்கு எழுதினேன்.

அந்தக் கடிதத்தில் நான் அதிகம் வற்புறுத்தியது நிறத்தை அல்ல, பாண்டோகிராஃபின் உயரத்தை. என்னிடம் மேல்நிலைக் கம்பி இல்லை. வீட்டில் மாடல் ரயில் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோரிடம் இருக்காது. கம்பி இல்லாதபோது, வெறும் ஸ்பிரிங் வைத்த பாண்டோகிராஃப் தடுக்க ஆளில்லாமல் முழு உயரத்துக்கும் எழும்பி, காற்றில் திருப்பிக்கொண்ட குடை போல நிற்கும். அசலில் கம்பி தண்டவாளத்திலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் ஓடுகிறது; மாடலுக்கு அது 63 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் பாண்டோகிராஃப் தானாக நிற்கும்படி சிறு தடை ஒன்றை வைத்துவிட்டால் போதும். செலவும் பெரிதாக ஆகாது. 'பரிசீலிக்கிறோம்' என்று ஒரு வரி பதில் வந்திருக்கிறது.

லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தையிடம் இந்தப் படங்களைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "மேல ஏறுறதுக்கு முன்னாடி லைன் ஆஃப் பண்ணி எர்த் போட்டானாடா?" என்றார். கூரை என்றதும் எனக்கு வண்ணம் நினைவுக்கு வருகிறது. அவருக்கு உயிர் நினைவுக்கு வருகிறது. மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைத் தரையிணைத்த பிறகே யாரும் அந்தக் கூரையில் கால் வைக்கலாம் என்பது அவர் காலம் முழுக்கக் கடைப்பிடித்த விதி.

அடுத்ததாக ஒலி. விலை கூடிய பதிப்பில் ஒலியுடன் கூடிய டிஜிட்டல் டீகோடர், அதாவது கட்டளையை வாங்கி எஞ்சினை இயக்கும் சில்லு, வருகிறது. எஞ்சினுக்குள் கட்டைவிரல் நகம் அளவே உள்ள ஸ்பீக்கர். வாப்-7இன் ஒலி என்று ஒன்று இல்லை, இரண்டு இருக்கிறது என்பதைத் தயாரிப்பாளர் கவனித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பழைய எஞ்சின்களில் மின்சாரத்தை மாற்றித் தரும் கருவியில் ஜி.டி.ஓ. தைரிஸ்டர்கள் என்னும் மின்னணு சுவிட்சுகள் இருந்தன, அவை புறப்படும்போது எழும் ஒலி, ஆர்மோனியத்தில் பழகாத கை ஒவ்வொரு கட்டையாக அழுத்தி மேலே போவது போல, படிப்படியாக ஏறும். பின்னாளில் அவற்றின் இடத்தில் ஐ.ஜி.பி.டி. என்னும் வேறு வகை சுவிட்ச் வந்தது, அதன் ஓசை வேறு. நடைமேடையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். 30201 என்று எண் எழுதிய எஞ்சினிலிருந்து ஐ.ஜி.பி.டி. ஒலி வந்தால், அது நாதஸ்வரம் வாசிப்பவரின் வாயசைவுக்கு வயலின் ஒலியைச் சேர்த்தது போலத்தான்.

மாடல், எஞ்சின்களைப் பராமரிக்கும் மூன்று ஷெட்டுகளின் பெயரில் வருகிறது: காஜியாபாத், லாலாகுடா, ராயபுரம். நான் எதைக் கேட்டிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ஊரின் பெயர், இன்று 6,350 குதிரைத்திறன் எஞ்சினின் பக்கவாட்டில் மூன்று ஆங்கில எழுத்தாகச் சுருங்கி ஓடுகிறது. அதை 87இல் ஒரு பங்காக இன்னும் சுருக்கினால் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். பரவாயில்லை.

இத்தனை ஆவலுக்கு நடுவே ஒரு பயமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தயாரிப்பாளரிடம் வேறொரு இந்திய எஞ்சினுக்கு முன்பணம் கட்டி, 'அடுத்த காலாண்டு' என்ற பதிலையே பத்து மாதம் கேட்டு, கடைசியில் பணம் திரும்பி வந்தது, எஞ்சின் வரவில்லை. வெளிநாட்டு மாடல்களை வாங்கித் தேற்றிக்கொள்ளலாம் என்றால் சுங்கவரி குறுக்கே நிற்கிறது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. குழந்தை உருட்டி விளையாடும் பிளாஸ்டிக் காருக்கும், ஐம்பது வயதுக்காரன் பெட்டியிலிருந்து எடுக்கவே கைநடுங்கும் எஞ்சினுக்கும் வரிப் பட்டியலில் ஒரே தலைப்புதான். உள்நாட்டிலேயே ஒருவர் செய்ய முன்வந்ததற்கு அந்த வரியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், அதை முழு மனத்தோடு திட்டவும் முடியவில்லை.

எஞ்சின் வருவதற்குள் வீட்டில் வேலை இருக்கிறது. நான்கடிக்கு எட்டடி பிளைவுட் பலகையில் நான் போட்டிருந்த வளைவுகளின் ஆரம் 18 அங்குலம். இரண்டு அச்சு போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டகம்) கொண்ட சிறிய எஞ்சின்களுக்கு அது போதும். மூன்று அச்சு போகிகள் கொண்ட இதற்குக் குறுகல். போதாக்குறைக்கு, இன்றைய விரைவு வண்டிகளில் ஓடும் எல்.ஹெச்.பி. பெட்டிகள் மாடலில் ஒவ்வொன்றும் 27 சென்டிமீட்டர் நீளம். வளைவில் நடு உடல் உள்ளே தள்ளி, முனைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே எல்லாவற்றையும் பெயர்த்து 22 அங்குலமாகப் போட்டேன். பலகையின் விளிம்புக்கு இரண்டே அங்குலம் மிச்சம் இருப்பதால், ஓரம் முழுவதும் அக்ரிலிக் தடுப்பு வைத்திருக்கிறேன். சென்னையின் ஈரக்காற்றில் தண்டவாளத்தின் மேல் படியும் கறுப்பை வாரம் ஒருமுறை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் இரண்டு முறை. 22 பெட்டி கொண்ட முழு வண்டி ஆறு மீட்டருக்கு மேல் வரும் என்பதால் அந்த ஆசையை விட்டுவிட்டேன். ஆறு பெட்டி போதும்.

இடையில் ஒன்று. அகலப்பாதைக்குப் பொருந்தாத தண்டவாளம் மீட்டர் பாதைக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. 1,000 மில்லிமீட்டரை 87இல் வகுத்தால் 11.5, சந்தையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. 1931இல் மின்மயமாகி, 2004 ஜூலையில் மீட்டர் பாதைக்கு விடைகொடுத்த கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஓடிய, ஜப்பானில் செய்த யாம்-1 எஞ்சினை யாராவது வார்த்தால், கால் ஒட்டாத பயில்வானை ஒருமுறையாவது பார்த்துவிடலாம். யாரும் செய்ய மாட்டார்கள் என்று தெரியும். சும்மா எழுதி வைக்கிறேன்.

புரட்டாசிக்குள் என்றால் நவராத்திரிக்குள் என்றுதான் எங்கள் வீட்டில் பொருள் கொண்டிருக்கிறார்கள். கொலுவுக்குப் பக்கத்தில் அம்மா அமைக்கும் பூங்காவில், கடுகு முளைத்த மண்ணைச் சுற்றி, என் மகள் பிறந்த ஆண்டில் வாங்கிய பேட்டரி ரயில் ஒன்று இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த முறை வாப்-7 ஓடும் என்று சொல்லி, ஹாலில் நாலடி இடம் ஒதுக்கச் சொன்னேன். ஒதுக்கிவிட்டார். மண்ணும் ஈரமும் தண்டவாளத்தில் படாதபடி பலகை போட்டுக்கொள்வதாக நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்று மளிகைப் பட்டியல் எழுதும்போது பார்த்தேன்: சுண்டலுக்கான கொண்டைக்கடலைக்குக் கீழே, பழைய ரயிலுக்கு 'பென்சில் செல் – 4' என்று அம்மா எழுதி வைத்திருக்கிறார்.