50 வயதுக்குப் பிறகு ஸ்கூபா: குளம் முதல் 18 மீட்டர் வரை

சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபாவின் தொடக்கநிலைப் பயிற்சியைப் பல இடங்களில் மூன்று, நான்கு நாட்களில் முடித்துவிடுகிறார்கள். பாடம், நீச்சல் குளம், கடலில் நான்கு டைவ், கையில் சான்றிதழ். ஐம்பதைத் தாண்டித் தொடங்குகிறவர்கள் அந்த வேகத்துக்கு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. காது, மூச்சு, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் மூன்றும் குளத்திலேயே பழகிவிட்டால் கடல் சுலபம். பழகாமல் போனால் நான்கு டைவும் தவிப்பிலேயே கழியும். குளத்தில் கூடுதலாக இரண்டு வகுப்பு கேட்டு வாங்குங்கள். இந்த வயதில் அதைவிட நல்ல செலவு வேறில்லை.

தண்ணீரைத் தொடுமுன்

மருத்துவப் படிவத்தைப் பயிற்சி தொடங்கும் காலையில் அவசரமாக நிரப்பக்கூடாது. ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். பயிற்சி அமைப்புகள் பொதுவாகப் பயன்படுத்தும் படிவத்தில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே கேள்விகள் இருக்கின்றன: புகைப்பழக்கம் உண்டா, கொழுப்பு கூடுதலா, ரத்த அழுத்தம் உண்டா, நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இளவயதில் இதய நோய் வந்ததா. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை எழுதி எடுத்துப் போங்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பவை. திடீரென வேகமாக நீந்த வேண்டிய நிலை வந்தால் உடல் அந்த அளவு ஈடுகொடுக்காது. இதை மறைத்துவிட்டு இறங்குவது மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது.

இவ்வளவு கறாராகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கழுத்துவரை தண்ணீரில் இறங்கியதுமே கால்களில் இருக்கும் ரத்தம் மார்புப் பக்கம் ஏறிவிடுகிறது. குளிர்ந்த நீரில் தோலோரத்து ரத்தக் குழாய்கள் சுருங்க, இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. இதயத்துக்கு வேலை கூடுகிறது. டைவ் முடிந்ததும் சிறுநீர் முட்டுவதும் இதனால்தான். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அபூர்வமாக நுரையீரலுக்குள்ளேயே நீர் கசியலாம். வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, இருமல், நுரைத்த அல்லது இளஞ்சிவப்பான சளி ஆகியவை அதன் அடையாளங்கள். நீருக்கடியில் காரணமில்லாமல் மூச்சிரைத்தால் 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்று இருக்கக்கூடாது. உடன் டைவ் செய்பவருக்குச் சைகை காட்டி, வழக்கமான வேகத்தில் மேலேறி, நீரைவிட்டு வெளியே வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து ஆக்சிஜன் எடுக்க வேண்டும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை மறுபடி இறங்கக் கூடாது.

நீச்சல் தேர்வு பலர் நினைக்கும் அளவு கடினமில்லை. 200 மீட்டர் தொடர்ந்து நீந்த வேண்டும். எந்தப் பாணியிலும் நீந்தலாம், நேரக் கெடு கிடையாது. பிறகு 10 நிமிடம் மிதக்க வேண்டும். மூச்சு வாங்காமல் 400 மீட்டர் நிதானமாக நீந்தும் நிலைக்கு வந்த பிறகு பயிற்சியில் சேருவது நல்லது. அந்த மிச்சத் தெம்பு கடலின் மேற்பரப்பில் உதவும்.

பல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்த பல்லுக்குள் காற்று இடைவெளி இருந்தால் இறங்கும்போதோ ஏறும்போதோ சுருக்கென்று வலிக்கும். கழற்றி மாட்டும் சிறிய பல்செட் என்றால் பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தளர்வாக இருந்தால் கழற்றிவிட்டுத்தான் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவியை, கடிக்க வேண்டும். வெந்நீரில் இளக்கி உங்கள் பல்வரிசைக்கேற்பக் கடித்துப் பதித்துக்கொள்ளும் வாய்ப்பிடிகள் கிடைக்கின்றன. தாடை வலிக்கிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

மாஸ்க்கும் கண்ணும்

மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை போதும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்களுடையது. புதிய மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையால் உட்புறத்தை இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாவிட்டால் ஒவ்வொரு டைவிலும் ஆவி படியும். மீசை இருந்தால் மூக்கின் கீழே கசியும். மேல் உதட்டை ஒட்டி ஒரு கோடு மழித்தாலே போதும். வாசலின் தடவாதீர்கள், அது ரப்பர் பாகங்களைக் கெடுக்கும்.

நீருக்கடியில் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உள்ள தூரத்தில் முக்கால் பங்கு தொலைவிலும் தெரியும். வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் சாதகம்தான், ஆனாலும் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும், கைக்கடிகார அளவுள்ள டைவ் கம்ப்யூட்டரின் சின்ன எண்கள் மங்கும். காற்றழுத்த மானியைப் படிக்க முடியாமல் டைவ் செய்வது ஆபத்து. மாஸ்க் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் ஒட்டும் உருப்பெருக்கு வில்லை கிடைக்கிறது. பெரிய எழுத்துள்ள கம்ப்யூட்டர் அதைவிட நல்லது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மென்மையான வகையைப் போடலாம், மாஸ்க்குக்குள் தண்ணீர் வரும்போது கண்ணை மூடப் பழக வேண்டும்.

குளம்: மூக்கும் காதும்

பயிற்சியைப் பாதியில் விடுகிறவர்களில் நிறையப் பேர் விடும் இடம் மாஸ்க்கைக் கழற்றும் பாடம். காரணம் எளிது: முகத்தில் தண்ணீர் பட்டதும் மூக்கு தானாக இழுக்கிறது. இதற்கு இடுப்பளவு நீரே போதும். மாஸ்க் இல்லாமல், ரெகுலேட்டரை வாயில் வைத்து, முகத்தை மட்டும் நீரில் அமிழ்த்தி, வாயால் இழுத்து வாயால் விடுங்கள். முதலில் 10 விநாடி, பிறகு 30, பிறகு ஒரு நிமிடம். தண்ணீர் மூக்கில் ஏறுவதுபோல் இருந்தால் மூச்சை விடும்போது கொஞ்சத்தை மூக்கு வழியாக விடுங்கள். உள்ளே வர இடமிருக்காது. ஒரு நிமிடம் பதற்றமில்லாமல் இருக்க முடிந்த பிறகு, மாஸ்க்கில் நிறைந்த தண்ணீரை வெளியேற்றுவது சாதாரணமாகிவிடும்: மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் நீளமாக ஊதினால் தண்ணீர் கீழ்விளிம்பு வழியாகப் போய்விடும்.

காதைப் பொறுத்தவரை முதல் சில மீட்டர்தான் எல்லாமே. மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்கும்போது அழுத்தம் இரண்டு மடங்காகிறது. 10-லிருந்து 20-க்குப் போகும்போது ஒன்றரை மடங்குதான். அதனால் இறங்கத் தொடங்குமுன், மேற்பரப்பிலேயே ஒருமுறை காதைச் சமன் செய்யுங்கள், அதாவது காதுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளி அழுத்தத்துக்கு ஈடாக்குங்கள். பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை, வலி தெரியுமுன்பே. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுவது ஒரு வழி. மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்குவது இன்னொன்று. பலருக்கு இது மென்மையாக வேலை செய்கிறது. கால் கீழே, தலை மேலே என்ற நிலையில், கயிற்றைப் பிடித்து இறங்கினால் வேகம் உங்கள் கையில் இருக்கும். காது திறக்கவில்லையா? ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். பலத்தை எல்லாம் கூட்டி ஊதக்கூடாது, உள்காது காயப்பட்டால் கேட்கும் திறனே போகலாம். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்கினால், அதன் வேகம் நீருக்கடியில் தணிந்து, ஏறும்போது காற்று வெளியேற முடியாமல் அடைத்துக்கொள்ளும்.

குளம்: ஈயம்

வயது கூடிய தொடக்கக்காரர்களின் மூச்சிரைப்பு, இடுப்பு வலி, காற்று சீக்கிரம் தீர்வது என எல்லாப் புகார்களையும் பின்னோக்கித் துருவிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: தேவைக்கு மேல் கட்டிய ஈயம். தொடக்கக்காரர் பதற்றத்தில் நுரையீரலை நிறைத்து வைத்திருப்பார், அதனால் மூழ்க மாட்டார். பயிற்றுநர் இரண்டு கிலோ சேர்ப்பார். பதற்றம் அடங்கிய பிறகும் அந்த இரண்டு கிலோ இடுப்பிலேயே இருக்கும்.

அதன் விளைவை எண்ணிக்கையில் பாருங்கள். 3 கிலோ அதிகம் என்றால், அதைத் தூக்கி நிறுத்தப் பிசிடி ஜாக்கெட்டுக்குள் (காற்றை அடைத்தும் விட்டும் மிதப்பைச் சரிசெய்யும் மேல்சட்டை) 3 லிட்டர் காற்று அதிகமாக வேண்டும். 10 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் 2 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அலகு) 1.5 பாராகக் குறைகிறது, அந்த 3 லிட்டர் 4 லிட்டராகிவிடும். கேட்காமலேயே ஒரு கிலோ தூக்குவிசை கூடிவிட்டது. மேலே இழுக்கிறது, காற்றை விடுகிறீர்கள், மூழ்குகிறது, மறுபடி அடைக்கிறீர்கள். இன்னொரு பக்கம், ஈயம் இடுப்பைக் கீழே இழுக்க, காற்று மார்பை மேலே தூக்க, உடல் சாய்வாகிவிடுகிறது. காலில் மாட்டிய துடுப்பை உதைத்தால் முன்னே போவதற்குப் பதில் மேலே போகிறது. இத்தனையும் கால் தசையும் மூச்சும் செய்யும் வீண் வேலை.

சரிபார்க்கும் முறை: முழு உபகரணத்தோடு, ஆழமான பக்கத்தில், பிசிடியில் காற்று துளியும் இல்லாமல் செங்குத்தாக அசையாமல் நில்லுங்கள். காலை உதைக்கக்கூடாது, கணுக்காலைக் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண அளவு மூச்சைப் பிடித்திருக்கும்போது நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை முழுதாக விட்டதும் மெதுவாக அமிழ வேண்டும். இது நிறைந்த சிலிண்டருடன் செய்த கணக்கானால் 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வழக்கமான 11 லிட்டர் அலுமினியம் சிலிண்டரில் 200 பாரில் அடைத்த காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் இருக்கும். டைவின் முடிவில் அதில் பெரும்பகுதி போயிருக்கும். இதைவிட நம்பகமானது டைவின் கடைசியில் பார்ப்பது: 50 பார் மிச்சம் இருக்கையில், பிசிடி காலியாக, 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் அதுதான் உங்கள் எடை.

குளத்தில் கண்டுபிடித்த எடையை அப்படியே கடலுக்குக் கொண்டுபோக முடியாது. உப்புநீர் இரண்டரை சதவீதம் கனம். உடலும் உபகரணமும் சேர்ந்து 100 கிலோ என்றால் கடலில் இரண்டரை கிலோ கூட்ட வேண்டியிருக்கும். குளிர் தாங்க அணியும் வெட்சூட் உடையின் தடிமன் மாறினாலும் மறுகணக்குத்தான்.

பிசிடி பொத்தானைச் சின்னச் சின்னத் தட்டுகளாகத் தட்டி, இரண்டு மூன்று விநாடி காத்திருந்து பார்க்க வேண்டும். காற்று சேர்ந்த உடனே உடல் நகராது. அந்தத் தாமதத்தில் மீண்டும் தட்டுவதால்தான் பலர் பந்துபோல் மேலே கிளம்புகிறார்கள்.

கடல்

சிலிண்டர், பிசிடி, ஈயம் எல்லாம் சேர்ந்து 25 கிலோ தாண்டும். முழங்காலோ முதுகோ சரியில்லை என்றால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடும் படகில் நடக்க வேண்டாம். பிசிடியில் காற்றடைத்து முதலில் நீரில் இறக்கச் சொல்லி, நீருக்குள் மாட்டிக்கொள்ளலாம். திரும்பும்போது ஈயத்தைக் கொடுத்து, பிறகு சிலிண்டரைக் கொடுத்து, சுமையில்லாமல் ஏணி ஏறலாம். கேட்டால் எந்த நல்ல படகிலும் செய்து தருவார்கள். துடுப்பு குட்டையாகவும் நெகிழ்வாகவும் இருக்கட்டும். விறைப்பான நீளத் துடுப்பு கெண்டைக்கால் பிடிப்பைத் தேடிக் கொடுக்கும். பிடித்துக்கொண்டால் துடுப்பின் நுனியைக் கையால் உங்கள் பக்கம் இழுத்து முழங்காலை நீட்டுங்கள்.

பயிற்சியின் முதல் இரண்டு கடல் டைவ்கள் 12 மீட்டருக்குள், அடுத்த இரண்டு 18 மீட்டருக்குள். காற்றுக் கணக்கு இப்படிப் போகும்: 110 பார் செலவு, 11 லிட்டர் சிலிண்டர், 35 நிமிடம், சராசரி ஆழம் 8 மீட்டர். 110-ஐ 11-ஆல் பெருக்கினால் 1,210 லிட்டர். 35-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 34.6. அந்த ஆழத்தின் அழுத்தமான 1.8-ஆல் வகுத்தால் 19 லிட்டர் சொச்சம். மேற்பரப்பு அளவில் நிமிடத்துக்கு 20 முதல் 25 லிட்டர் என்பது தொடக்கக்காரருக்கு இயல்பு. இதைக் குறைக்க மூச்சை இடையில் நிறுத்தி நிறுத்தி விடாதீர்கள். கரியமில வாயு தேங்கித் தலைவலிதான் மிஞ்சும். ஏறும்போது மூச்சைப் பிடித்தால் ஒன்றிரண்டு மீட்டர் வித்தியாசத்திலேயே நுரையீரல் கிழியலாம். ஈயத்தைக் குறைத்து, மெதுவாக நகர்ந்து, விடும் மூச்சை நீட்டினால் அளவு தானாகக் குறையும்.

ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதை இந்த வயதில் ஐந்தாக்கிக்கொள்ளலாம், கம்ப்யூட்டரையும் கூடுதல் எச்சரிக்கை நிலையில் வைக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு டைவ் போதும். மூன்றாவதில் கவனம் சிதறுகிறது. மேலே வந்ததும் முதலில் பிசிடியை நிரப்புங்கள், ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். படகுக்கு நீந்தும்போது மல்லாந்து உதைத்துப் போங்கள். நாளெல்லாம் செய்வதில் மிகக் கடினமான உடலுழைப்பு பெரும்பாலும் அந்த மேற்பரப்பு நீச்சல்தான்.

டைவுக்குப் பிறகு

அழுத்தம் குறைவதால் வரும் நைட்ரஜன் குமிழி நோய்க்கு மூட்டு வலியும் மரத்துப்போவதும் முக்கிய அறிகுறிகள். ஏற்கெனவே தோள்வலியும் முழங்கால் வலியும் உள்ளவர்கள் அதை 'பழைய வலிதானே' என்று தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. டைவ் நாளன்று காலையிலேயே எங்கெங்கே எவ்வளவு வலி இருக்கிறது என்று எழுதி வைத்துவிடுங்கள். மாலையில் அதில் இல்லாத வலியோ மரப்போ அசாதாரணச் சோர்வோ தெரிந்தால் உடனே ஆக்சிஜனும் மருத்துவரும் வேண்டும். ஒரு டைவுக்குப் பிறகு 12 மணி நேரமாவது, பல டைவ்களுக்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது.

குறிப்பேட்டில் ஆழம், நேரத்தோடு கட்டிய ஈயத்தின் எடை, வெட்சூட் தடிமன், சிலிண்டர் வகை, தொடக்க முடிவு அழுத்தம், காது எந்தப் பக்கம் தாமதமாகத் திறந்தது என்பதையும் எழுதுங்கள். ஈயம் டைவுக்கு டைவ் அரைக்கிலோ அரைக்கிலோவாகக் குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் மறுபடி குளம், மறுபடி மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிடம், மறுபடி எடைச் சோதனை; அதன் பிறகே கடல்.