ஒளியால் விடுவிக்கும் கூண்டு

மார்ச் 3, திங்கள்

டியூட்டிரியம் ஏற்றிய அசிட்டோநைட்ரைலில் பல்லேடியம் என்ற உலோகத்தின் உப்பையும், உலோகத்தோடு பிணையும் கரிம மூலக்கூறான ஈனியையும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் சேர்த்துச் சூடாக்க வைத்தேன். மேலும் கீழும் ஒவ்வொரு பல்லேடியம் அயனி இருக்க, வளைந்த நான்கு ஈனிகள் அவற்றை இணைத்து உருவாகும் மூலக்கூறுக் கூண்டு இது. மொத்தத்தில் நான்கு நேர்மின்சுமை கொண்டிருப்பதால், இதற்குள் எதிரயனி (எதிர்மின்சுமை கொண்ட அயனி) குடியேறுவதில் வியப்பில்லை. பிடித்ததை நாம் வேண்டும் வேளையில் விடச் செய்வதுதான் கடினம். என் ஆர்வமெல்லாம் அதில்தான்.

மார்ச் 6, வியாழன்

வேதியியலாளர் கிடோ கிளெவரின் குழுவினர் 2013இல் வெளியிட்ட கூண்டின் வழியையே பின்பற்றுகிறேன். ஈனியின் நடுவில் டைதையனைல்எத்தீன் என்ற ஒளியுணர் பகுதி உள்ளது. புற ஊதா ஒளி பட்டதும் அதன் இரு தையோஃபீன் வளையங்களுக்கிடையே புதிய பிணைப்பு உண்டாகி ஈனி விறைத்துவிடுகிறது. வெள்ளை ஒளியில் அப்பிணைப்பு அறுந்து மீண்டும் நெகிழ்கிறது. விறைத்த கூண்டுதான் கெட்டியாகப் பிடிக்கும் என்று எண்ணத் தோன்றும். நடப்பது நேர்மாறு: நெகிழ்ந்த கூண்டு உள்ளிருக்கும் அயனிக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு இறுகப் பற்றுகிறது, விறைத்ததன் பிடியோ பல மடங்கு தளர்ந்துவிடுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

பன்னிரு போரான் அணுக்களும் பன்னிரு புளோரின் அணுக்களும் கொண்ட, இரட்டை எதிர்மின்சுமையுள்ள அயனியைச் சேர்த்தேன். அணுக்கருக்களின் சுற்றுச்சூழலைக் காந்தப்புலத்தில் காட்டும் என்எம்ஆர் நிறமாலையில், கூண்டின் உட்புறம் நோக்கிய ஹைட்ரஜன்களின் சமிக்ஞை தெளிவாக இடம்பெயர, வெளிப்புற ஹைட்ரஜன்களுடையது ஏறத்தாழ அசையவே இல்லை. அயனி வெளிச்சுவரில் ஒட்டாமல் உள்ளேதான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. புற ஊதா விளக்கின் கீழ் வைத்ததும் வெளிறிய கரைசல் ஆழ்ந்த நிறம் கொண்டது. உட்புறச் சமிக்ஞையும் பழைய இடத்தை நோக்கித் திரும்பியது. அமிலமோ உப்போ சேர்க்காமல் அயனியை வெளியேற்ற முடிவதால், குழாயில் கழிவு எதுவும் மிஞ்சுவதில்லை. இம்முறையின் பெருஞ்சிறப்பாக நான் கருதுவது இதையே.

மார்ச் 14, வெள்ளி

இவ்வேலை எங்கே பயன்பட வேண்டும் என்று கேட்டால், அணுக்கழிவில் உள்ள பெர்டெக்னெட்டேட்டை, அதாவது கதிரியக்கத் தனிமமான டெக்னீசியமும் ஆக்சிஜனும் சேர்ந்த எதிரயனியை, சொல்வேன். டெக்னீசியம்-99இன் அரை ஆயுள் ஏறத்தாழ 2,11,000 ஆண்டுகள். இந்த அயனி மண்ணில் அதிகம் ஒட்டாமல் நிலத்தடி நீரோடு நகர்ந்துவிடுகிறது. ஆனால் நிலத்தடி நீரில் குளோரைடும் இருக்கும். அது பல்லேடியத்தைப் பற்றிக்கொண்டால் கூண்டே கலைந்துவிடலாம். அங்கே வேலை செய்யக் கூண்டு நீரில் கரையவும் வேண்டும். அப்படிக் கரையும் கூண்டுகள் இல்லாமல் இல்லை. கேம்பிரிட்ஜில் ஜொனாதன் நைட்ஷ்கே குழுவினர் உருவாக்கிய இரும்புக் கூண்டு, எதிர்மின்சுமை கொண்ட சல்ஃபோனேட் தொகுதிகளின் உதவியால் நீரில் கரைகிறது. அத்தொகுதிகளாலேயே அதன் மொத்த மின்சுமை நான்கு எதிர் ஆகிவிடுவதால், எதிரயனிகளைப் பிடிக்க அது ஏற்றதன்று. எனவே மின்சுமையற்ற, நீரை விரும்பும் சங்கிலிகளை ஈனியின் வெளிப்புறத்தில் இணைத்துப் பார்ப்பதே அடுத்த வேலை. அதற்குமுன், இப்போதுள்ள கூண்டு எவ்வளவு குளோரைடைத் தாங்கும் என்பதைத் திங்களன்று சிறுகச் சிறுகச் சேர்த்து அளக்க வேண்டும்.