உயில் கிடைச்சா ஸ்டேப்ளர் பின்னைத் தொடாதீங்க

இறந்தவர் உயில் எழுதியிருக்காருன்னு தெரியும், எங்கே வெச்சார்னு தெரியலையா? பீரோவைக் கவுக்கிறதுக்கு முன்னாடி அவரோட பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை லாக்கர் வாடகை கழிஞ்சிருக்கா? வக்கீலுக்குப் பணம் போயிருக்கா? இந்த ரெண்டு வரியும் முக்கியம். அந்த வக்கீல் தொழிலையே விட்டிருந்தாலும் அவர் ஃபைல்கள் பெரும்பாலும் இன்னொருத்தர்கிட்ட போயிருக்கும். வழக்கறிஞர் சங்கத்துல விசாரிங்க.

ஜெராக்ஸ்தான் கிடைச்சுதா? அதுவும் நல்லதுதான். கடைசிப் பக்கத்துல சாட்சிகள் பேர் இருக்கும். உயில்ல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். எங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாங்கன்னு தெரியும்.

பதிவு அலுவலகத்துலயும் தேடுங்க. அங்கே இல்லைன்னா உயிலே இல்லைன்னு முடிவு கட்டாதீங்க, பல நாடுகள்ல பதிவு கட்டாயமே இல்லை.

ஒண்ணு கிடைச்சதும் தேடலை நிறுத்திடறாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு. பிந்தைய தேதியில இன்னொண்ணு இருந்தா முந்தையது செல்லாமப் போகலாம். திருத்தம் தனித் தாளா வேற எங்கேயாவது கிடக்கலாம்.

அசல் கிடைச்சா பின்னைக் கழற்றி ஸ்கேன் பண்ணாதீங்க. மறுபடி பின் அடிச்சா ரெண்டு ஜோடி துளை விழும். ‘இதோட வேற தாள் இருந்துச்சா?’ன்னு கேள்வி கிளம்பும். கிளிப் போட்ட தடம் இருந்தாலும் இதே கேள்விதான் வரும்.

அசல் இறந்தவர் கைவசமே இருந்து, பிறகு காணோம்னா, சில நாட்டு நீதிமன்றங்கள் அவரே கிழிச்சுப் போட்டார்னு அனுமானிக்கும். அதனால எங்கெங்கே, என்னைக்கு, யார் முன்னாடி தேடினீங்கன்னு எழுதி வெச்சுக்குங்க.