ஸ்கல்ப்டர் செம்பெருமீன்களில் இரும்பை அளப்பது

ஸ்கல்ப்டர் குறு விண்மீன் மண்டலம் ஏறத்தாழ 2.8 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. விரிவான நிறமாலை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு) எடுக்கும் அளவுக்கு வெளிச்சம் அங்குள்ள செம்பெருமீன்களுக்கு, அதாவது முதுமையில் ஊதிப் பெருத்த சிவப்பு விண்மீன்களுக்கு, மட்டுமே உண்டு. அவற்றின் பொலிவெண்ணும் 17, 18தான்; எண் கூடக்கூட ஒளி மங்கும். நிறமாலையில் இரும்பு பதிக்கும் கருங்கோடுகளின் வலுவை வைத்தே அதன் அளவைக் கணிக்கிறோம்.

சிலியின் பரனால் மலையில் இருக்கும் வி.எல்.டி. தொலைநோக்கியின் ஃப்ளேம்ஸ் கருவியில் ஒரே நேரத்தில் 132 ஒளியிழைகளைப் பொருத்தலாம். அத்தனையையும் விண்மீன்களுக்கே கொடுக்க ஆசை வரும், கூடாது. 15 இழைகளையாவது வெற்று வானத்துக்கு ஒதுக்குகிறோம். வானொளி சரியாகக் கழியாவிட்டால் கோடுகளின் அடி நிரம்பி, இரும்பு குறைவாகத் தெரியும். குறுக்கே நிற்கும் நம் மண்டலத்து விண்மீன்களைக் கையா (Gaia) விண்கலத்தின் நகர்வுத் தரவும், நொடிக்குச் சுமார் 110 கி.மீ. என்ற ஸ்கல்ப்டரின் விலகு வேகமும் வடிகட்டித் தரும்.

பெரும்பாலான பிழை பிறக்கும் இடம் தொடர்நிறமாலை மட்டம், அதாவது கோடுகளே இல்லாவிட்டால் ஒளி இருந்திருக்கும் அளவு. குளிர்ந்த, உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) மிகுந்த செம்பெருமீனில் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும், இடைவெளியே இருக்காது. கோட்டை அளக்கும் சாளரம் 0.5 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) என்றால், மட்டத்தை 1% தாழ்த்தி வரைந்தாலே கோட்டின் வலுவைச் சொல்லும் கோட்டு அகலத்தில் 5 மில்லி ஆங்ஸ்ட்ராம் போய்விடும். 20 மில்லி ஆங்ஸ்ட்ராம் கோட்டுக்கு அது கால் பங்கு! அதனால் மட்டத்தைக் கண்ணால் வரைவதில்லை. உத்தேச மாதிரி நிறமாலையைப் பக்கத்தில் வைத்து, அதில் கோடே இல்லாத புள்ளிகளை மட்டும் நம்புகிறோம்.

அடுத்தது நுண்கொந்தளிப்பு வேகம், அதாவது விண்மீன் வளிமண்டல வாயுவின் சிறு அளவிலான கொந்தளிப்பு; வலுவான கோடுகளை இது கூடுதலாக வலுப்படுத்தும். வலுவான கோடும் மெலிந்த கோடும் ஒரே இரும்பளவைத் தரும்வரை அதை மாற்றிப் பார்ப்பது வழக்கம். ஆனால் இரைச்சல் மிகுந்த தரவில், அளந்த கோட்டு அகலத்தையே கிடை அச்சில் வைத்தால் அச்சு இரண்டிலும் அதே பிழை ஏறி, பொய்ச்சாய்வு ஒன்று உண்டாகும். வேகம் கூடுதலாக வரும், இரும்பு குறையும். மாதிரியிலிருந்து கணித்த அகலத்தை அச்சில் வையுங்கள்; சாய்வு மறையும்.

விண்மீன் மேற்பரப்பின் ஈர்ப்பு முடுக்கத்தை இரும்பின் அயனிச் சமநிலையிலிருந்து, அதாவது நடுநிலை இரும்பும் அயனி இரும்பும் ஒரே அளவைத் தர வேண்டும் என்பதிலிருந்து, எடுக்கவே வேண்டாம். உலோகம் குறைந்த விண்மீன்களில் நடுநிலை இரும்பு, வெப்பச் சமநிலைக் கணக்கு சொல்வதைவிடக் கூடுதலாக அயனியாகிவிடும். அதனால் முடுக்கம் தாழ்ந்து வரும். தொலைவு தெரிந்த மண்டலம் என்பது இங்கே பெரிய வரம். பொலிவு, வெப்பநிலை, சூரியனின் நிறையில் 0.8 பங்கு என்று கொள்ளும் விண்மீன் நிறை ஆகியவற்றைக் கொண்டே முடுக்கத்தைக் கணக்கிடலாம். தொலைவு 5% பிசகினாலும் முடுக்கத்தின் மடக்கை மதிப்பு 0.04தான் நகரும்.

மாங்கனீசு, பேரியம் கோடுகளுக்கு அணுக்கருவால் வரும் மீநுண் பிளவை (ஒரே கோடு நெருங்கிய பல கோடுகளாகப் பிரிவதை) சேர்க்காவிட்டால் அளவு கூடுதலாக வரும். கோட்டுப் பட்டியல் முடிந்ததும், அதே பட்டியலை நன்கு அறியப்பட்ட சுவாதி (Arcturus) விண்மீனிலும், உலோகம் மிகக் குறைந்த எச்.டி. 122563 என்ற விண்மீனிலும் ஓட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் ஸ்கல்ப்டரைத் தொடுகிறோம்.